நெடும்பாசி, காளைப்பாசி

ஹோபார்ட்
பிப்ரவரி 11

ரோரி,

“நீ நடப்போவது அதே காடுதானா?” என்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் பின்பக்கம் கேட்டிருந்தாய். வேறொன்றும் எழுதவில்லை. வாழ்த்துகூட அச்சடித்ததுதான். அட்டை அன்றிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் நிற்கிறது, பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். கார்மொடி குடாவில் நீ அபலோன் சிப்பி எடுக்க இறங்கிய காலத்தில், கடலடியிலிருந்து நீர்மட்டம்வரை நெடும்பாசி நின்றது. கிளைகளை விலக்கிக்கொண்டு தோப்புக்குள் நுழைவதுபோல நீ உள்ளே போவாய். உன் காற்றுக்குழாய் அதில் சிக்கும். நீ மேலே வந்து திட்டுவாய். இப்போது அங்கே வெறும் பாறை. வடக்கிலிருந்து வரும் நீரோட்டம் சூட்டைக் கொண்டுவந்தது, அந்த நீரில் சத்தும் இல்லை. மிச்சமிருந்ததை அதனுடனே வந்த கடல் முள்ளெலிகள் தின்றன. இந்தக் கரை முழுவதும் நூற்றில் ஐந்து பங்குகூட மிஞ்சவில்லை.

சூட்டைத் தாங்கி நின்ற சில செடிகளிலிருந்து வித்து எடுத்தேன். அவற்றில் எது இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். அவற்றின் நாற்றுகளை ஜூலைக் குளிரில் குடாவில் நடப்போகிறோம். அதே இனம், அதே குடா. ஆனால் அவை பிழைத்தவை மட்டும், அதிலும் நான் தேர்ந்தெடுத்தவை மட்டும். அது அதே காடா என்று ஒரு கூட்டத்தில் யாராவது கேட்டிருந்தால் சுற்றிவளைத்து ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்டது நீ.

கடிதம் எழுதுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். தொலைபேசியில் வானிலைப் பேச்சு முடிந்த மறுநிமிடம் சண்டைக்குப் போய்விடுகிறோம். தவிர, உன் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடைப்பதே அபூர்வம்.

போன வாரம் வங்கியில் ஒரு பெண், “நீங்களும் உங்க கணவரும் பிரிஞ்சிட்டீங்களா, மேடம்?” என்று கேட்டாள். படிவத்தில் ஏதோ கட்டம் இருக்கிறதாம். “வேற வேற எடத்துல இருக்கோம்” என்றேன். அதற்குக் கட்டம் இல்லை என்றாள்.

மூன்று வருடம் ஆகிறது. நலமாக இரு.

லியோனி

*

கிங் தீவு
மார்ச் 2

லியோனி,

பதில் தெரியாது என்று நீ ஒப்புக்கொண்ட முதல் கடிதம். சட்டம் போட்டு மாட்டலாம்.

கடிதம் வந்தபோது பெர்ல் என் சமையலறையில் உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரி, அறுபது தாண்டியவள், அவளும் பாசி இழுப்பவள்தான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாரு, வருமான வரியா?”

“பொண்டாட்டி.”

“அப்ப வரிதான்.”

என் வேலையை நீ பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். மேற்குக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காளைப்பாசி கரைக்கு வந்து கிடக்கும். மாட்டுத்தோல் கனம், மாட்டுத்தோல் வழுக்கல். ஒரு செடி ஓர் ஆள் எடை. தண்டில் கயிறு கட்டி, பிக்கப் வண்டியில் இருக்கும் இழுவை உருளையால் இழுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து மரச்சட்டத்தில் தொங்கவிட வேண்டும். காய்ந்தால் கருத்து விறைத்துக் கட்டையாகிவிடும். அரைத்துக் கப்பலில் போகிறது. எங்கோ யாரோ அதை ஐஸ்கிரீமில் நக்குகிறார்கள்.

இங்கே ஒரே ஒரு சட்டம்: முதலில் எவன் கயிறு கட்டுகிறானோ அவனுக்கே குவியல். அதுவும் அவன் தன் கையால் கட்ட வேண்டும். நோயாளி, கல்யாணக்காரன், இழவுக்குப் போனவன், யாருக்கும் விலக்கு இல்லை. அதனால் குளிர்காலத்தில் இந்தத் தீவில் எவனும் எங்கேயும் போவதில்லை.

இது இன்னும் குளிர்ந்த கடல். அதனால்தான் வந்தேன். உன்னிடமிருந்து ஓடி வரவில்லை. செத்த குடாவில் சிப்பி தேடுவதிலிருந்து ஓடிவந்தேன். அன்றைக்கு இதைச் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம்.

இந்தக் கோடையில் வெயில் அதிகம். பாறையில் நிற்கும் காளைப்பாசி கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

வீட்டில் மேற்குப் பக்க அறை காலியாக இருக்கிறது. ஜன்னலடியில் ஒரு மேசை செய்து போட்டேன், மைக்ராஸ்கோப் வைக்கத் தோதாக. மழை பெய்துகொண்டிருந்தது, வேறு வேலையில்லை.

ரோரி

*

ஹோபார்ட்
மார்ச் 24

ரோரி,

வெளுத்தது நுனியிலா, தண்டிலா? தொட்டால் கொழகொழவென்று இருக்கிறதா? அலையிறக்கத்தில் வெளியே தெரியும் செடிகள் மட்டுமா, ஆழத்தில் இருப்பவையுமா? சாதாரண வெப்பமானியை ஒரு கயிற்றில் கட்டி இறக்கினால் போதும்.

இதைக் கவலையால்தான் கேட்கிறேன், ஆய்வுக்காக அல்ல. இரண்டையும் பிரிக்கத் தெரியாதவள் என்று நீ முன்பு சொன்னது நினைவிருக்கிறது. உண்மையாக இருக்கலாம்.

இங்கே போன வாரம் முழுவதும் கடல் நீலமாக ஒளிர்ந்தது. ஒளிர்பாசி. நாம் மணமான புதிதில் இந்தத் தெற்கில் அது கண்ணில் பட்டதே இல்லை. சூடான நீரோடு சேர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டது. கரையெல்லாம் கூட்டம், கையில் போன், குழந்தைகள் கல்லெறிந்து கத்துகிறார்கள். “அம்மா, மந்திரம்!” என்றது ஒரு சின்னப் பெண். அவள் தந்தை என்னிடம் போனை நீட்டி, “ஒரு படம் எடுத்துக் குடுங்களேன்” என்றார். எடுத்துக் கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

இன்னொரு பாசி சிப்பிப் பண்ணைகளை மூடவைத்திருக்கிறது. அதைத் தின்ற சிப்பியை மனிதர் தின்றால் வாய் மரத்துப்போகும், மூச்சுகூட நின்றுபோகலாம். பண்ணைக்காரர் ஒருவர் என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். “இதுவும் உங்க பாசிதானே, டாக்டர்?”

“எல்லாப் பாசியும் என்னோடது இல்லைங்க.”

“கொல்றது மட்டும் உங்களோடது இல்லையா?” என்று சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. பண்ணையை மூடி ஆறு வாரமாகிறது.

சூட்டில் எல்லாப் பாசியும் சாகும் என்று வெளியே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சில சாகின்றன, சில சமாளிக்கின்றன, சில கொழுக்கின்றன. வீடு காலியானால் வேறு யாராவது குடிவருவது போலத்தான்.

நான் அங்கே வருவது பற்றி: குடுவைகளில் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். நீ பார்த்திருக்கிறாய், குளிர் அறையில் சிவப்பு விளக்கின் கீழ் அந்தக் குடுவைகள். நெடும்பாசியின் ஆண் இழையும் பெண் இழையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதில் கிடக்கின்றன. சிவப்பு வெளிச்சத்தில் இருக்கும்வரை அவை சேர்வதில்லை, செடியாவதில்லை, சாவதும் இல்லை. வெள்ளை விளக்கைப் போட்டால்தான் கருவுறும். அப்படியே வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் யாராவது கூட இருக்க வேண்டும்.

மேசையின் உயரம் என்ன?

லியோனி

*

கிங் தீவு
மே 6

லியோனி,

உன் முழங்கை உயரம். நினைவிலிருந்து செய்தேன்; நீ வந்து முழங்கையை வைத்தால்தான் சரியா தப்பா என்று தெரியும்.

உன் மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அவற்றைப் படித்தபோது மறுபடி உன் ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று பேசுவதுபோல இருந்தது. அன்றும் அப்படித்தானே. “நான் போறேன், நீயும் வா” என்று சொன்னேன். நீ, “அங்க தண்ணி எத்தனை டிகிரி?” என்று கேட்டாய்.

சரி, விடு. நல்ல செய்தி சொல்கிறேன். கூடவே ஒரு குளிர்ப்பெட்டி அனுப்பியிருக்கிறேன், விமானத்தில்.

தெற்குக் கரையில் நெடும்பாசி ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. எங்கிருந்து மிதந்து வந்ததோ. காற்றுக் குமிழெல்லாம் உடையாமல், வேரோடு. இந்தக் கோடை முழுவதும் எங்கோ சூட்டில் நின்றுவிட்டு வந்திருக்கிறது என்றால், உனக்கு வேண்டிய ஆள் அதுதானே? நீ எனக்குக் காட்டுவாயே, அடியில் குமிழ் இல்லாத கருத்த இலைகள், வித்து இருப்பவை. அவையும் இருந்தன.

கவனமாகத்தான் செய்தேன். பகல் முழுவதும் வண்டியின் பின்தட்டில் கிடந்து அரைகுறையாகக் காய்ந்துவிட்டது. அதனால் மாலையில் ஒரு டிரம்மில் சுத்தமான கடல்நீர் பிடித்து, அதில் ஊறவைத்தேன். காலையில் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது. அழுக்கெல்லாம் போயிருக்கிறது என்று கொட்டிவிட்டு, புதுநீரில் இன்னொரு முறை அலசி, ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் வைத்து அனுப்பினேன்.

பெர்ல் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஊர்ல உலகத்துல பூ அனுப்புவான், சாக்லேட் அனுப்புவான். நீ ஊறப்போட்ட பாசி அனுப்புற. அப்புறம் அவ ஏன் வரலன்னு எங்கிட்ட வந்து அழுவ.”

அழவில்லை. அவள் கூட்டிச் சொல்கிறாள்.

ரோரி

*

ஹோபார்ட்
மே 15

ரோரி,

பெட்டி பத்திரமாக வந்தது. ஆன்யாதான் பிரித்தாள். என்னோடு வேலை செய்யும் பெண்; என் வயதில் பாதி, குரல் இரண்டு மடங்கு. “லியோனி, உங்க வீட்டுக்காரர் பாசி அனுப்பியிருக்கார்! எல்லாரும் வாங்க!” என்று தாழ்வாரம் முழுவதும் கேட்கக் கத்தினாள். நான்கு பேர் வந்து நின்றார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இலைகளைக் குளிர்ந்த கடல்நீரில் இட்டு, ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வித்து இருந்தால் வெயில் கீற்றில் தூசி சுழல்வதுபோல இருக்கும். ஒன்றும் சுழலவில்லை. மதியம் மறுபடி பார்த்தேன். மாலையிலும். அசையாமல் கிடந்தவை சில, அவ்வளவுதான்.

இதை எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான், அதனால் நேராகச் சொல்கிறேன். வித்திருக்கும் இலைகளை அரைகுறையாகக் காயவிட்டு மறுபடி நீரில் போட்டால், உள்ளே இருப்பது அத்தனையையும் அவை ஒரே மூச்சில் வெளியே விட்டுவிடும். நாங்கள் இங்கே செய்வதும் அதையேதான். நீ கொட்டிய தேநீர் நிறத் தண்ணீர்தான் வித்து. பல கோடி இருந்திருக்கும். எனக்கு வந்தது காலி இலை.

முதல் பத்து நிமிடம் கோபமாக இருந்தது. பிறகு நீ அதை இரண்டாம் முறை அலசியதை நினைத்தேன். அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. அது காயாமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமல் நீயே யோசித்திருக்கிறாய். பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஒன்றை நான் உனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஓர் இலையைக் காகிதங்களுக்கு நடுவே அழுத்தி உலர்த்தினேன். மாதிரி எண் போடவில்லை.

ஜூலை 13 அன்று நடவு. அலை பெரிதாக இல்லையென்றால் கார்மொடி குடாவில் காலையில் படகு கிளம்பும். நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன். பாசிக்காக இல்லை; பாசிக்கு ஆள் இருக்கிறது. இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறை எழுதுகிறேன்.

லியோனி

*

கிங் தீவு
ஜூன் 20

லியோனி,

டிரம்மை எட்டி உதைத்தேன். கால் வலிக்கிறது.

அந்தத் தண்ணீரைப் படகுத்துறைச் சரிவில் ஊற்றினேன். எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளாதே, அங்கே எல்லாரும் டீசல் சிந்தும் இடம்.

ஜூலையில் வர முடியாது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தும் இத்தனை நாள் தள்ளிப்போட்டதை இப்போது சொல்கிறேன். பாசி உலர்த்தும் என் மரச்சட்டங்கள் காலியாக இருக்கின்றன. போன குளிர்காலமே அரைகுறைதான், உனக்கு எழுதவில்லை. இந்தக் குளிரில் பாசியைக் கரைக்குத் தள்ளும் ஒரு நல்ல வீச்சுகூட இன்னும் இல்லை. காற்று வருகிறது, கரையில் கிடப்பது கை அளவு. நீ கேட்டாயே, நுனியா தண்டா என்று. தண்டு. தொட்டால் கொழகொழதான். மார்ச்சிலேயே தொட்டுப் பார்த்துவிட்டேன். சொன்னால் நீ, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்பாய் என்று பயம். நீ அப்படிச் சொல்லும் ஆள் இல்லை, மௌனமாக இருப்பாய். அது இன்னும் மோசம்.

இனி ஒரு பெரிய வீச்சு வந்தால் அது ஜூலையில்தான் வரும். அந்த நாளில் என் கை இங்கே இல்லையென்றால் இந்த வருடம் போச்சு. அடுத்த வருடம் இங்கே இருக்க முடியுமா என்பதும் அதில்தான் இருக்கிறது. உன் நடவும் என் அறுவடையும் ஒரே குளிரில் வருகின்றன, என்ன செய்ய. நமக்கென்று யாரோ பார்த்துப் பார்த்து நாள் குறித்ததுபோல.

பெர்லிடம் புலம்பினேன். “ஒரு பாசி செத்துச்சுன்னு இன்னொரு பாசிகிட்ட வந்த. இதுவும் செத்தா எங்க போவ, அண்டார்ட்டிகாவுக்கா? அங்க பிஸ்கட் கிடைக்காது” என்றாள்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. காளைப்பாசிக்கும் உன்னிடம் குடுவை இருக்கிறதா? அந்தச் சிவப்பு விளக்கின் கீழ் கொஞ்சம் வைத்திருக்க முடியுமா, நல்ல காலம் வரும்வரை?

ரோரி

*

ஹோபார்ட்
ஜூலை 12

ரோரி,

உன் கேள்விக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். இதற்குப் பதில் தெரியும், அதனால்தான் தாமதம்.

முடியாது. காளைப்பாசிக்கு அந்தக் காத்திருக்கும் பருவமே கிடையாது. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. குளிர்காலத்தில் இரண்டும் முட்டையையும் விந்தையும் நேரே கடலில் விடுகின்றன. அன்றைக்கே, அந்த நீரிலேயே சந்தித்தால் உண்டு. இல்லையென்றால் அந்த வருடம் இல்லை. என்ன நிற விளக்கு போட்டாலும் இழையாக நின்று வருடக்கணக்கில் பொறுத்திருக்க அதற்குத் தெரியாது. இரண்டும் பழுப்புப் பாசிதான், ஒரே கடல்தான், ஆனால் பழக்கம் வேறு.

பொறுத்திருக்கத் தெரிந்த உயிரோடு நான் பதினெட்டு வருடம் வேலை செய்துவிட்டேன். அதனால் எதுவும் காத்திருக்கும் என்ற எண்ணம் எனக்குள் படிந்துபோயிருக்கலாம். இதை ஒரு முடிவாகச் சொல்லவில்லை. போன வாரம் குடுவைத் தண்ணீரை மாற்றும்போது தோன்றியது.

“நான்தான் சொன்னேனே” என்று சொல்ல மாட்டேன். மௌனமாகவும் இருக்க மாட்டேன். தண்டு கொழகொழவென்று ஆனதை மார்ச்சிலிருந்து நீ தனியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தாங்கவில்லை.

நாளை நடவு. நீ வர மாட்டாய், அதற்கான காரணம் நியாயமானது. வரவேண்டும் என்று இப்போது நான் விரும்புவதுகூட நியாயமில்லை. உங்கள் பக்கம் பலத்த மேற்குக் காற்று என்று வானொலியில் சொன்னார்கள். நல்ல வீச்சாக இருக்கட்டும். மனதாரச் சொல்கிறேன்.

நாற்றுகள் கட்டைவிரல் நகத்திலிருந்து உள்ளங்கைவரை வளர்ந்திருக்கின்றன. நூலில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த பிப்ரவரியின் சூட்டை எத்தனை தாண்டும் என்று ஆன்யா பந்தயம் கட்டச் சொன்னாள். கட்டவில்லை.

இதை நாளை தபாலில் போடுகிறேன்.

லியோனி

*

ஜூலை 13

தபாலில் போடவில்லை. நடந்ததை இதே தாளில் எழுதிவிடுகிறேன்.

காலையில் கிளம்பும்போது போன் அடித்தது. தெரியாத குரல்.

“பெர்ல் பேசறேன். அந்தக் கிறுக்கன் வந்து சேர்ந்தானா?”

“எந்தக் கிறுக்கன்?”

“உனக்கு எத்தனை பேரு இருக்காங்க? உன் புருஷன்தான். நேத்து சாயங்கால விமானத்துல ஏறிட்டான். அதுக்கு முந்தின ராத்திரி பூரா காத்து. கரையில இடுப்பளவு கிடக்குது, ரெண்டு வருஷத்துல நான் இப்படிப் பாத்ததில்ல. அவன் ஏறப்போற நேரத்துல போன் பண்ணேன், ‘வந்துருச்சுடா, திரும்பு’ன்னு. ‘நாளைக்கு அவளுக்கு நடவு’ன்னான். வெச்சுட்டான்.”

அவளே தொடர்ந்தாள். “ஒரு குவியலுக்கு அவன் கயித்த நான் கட்டிட்டேன். என் கைதான், சட்டப்படி செல்லாது. எவனாவது வந்து கேக்கட்டும், பாத்துக்கறேன். மிச்சத்தை மத்தவனுங்க இழுத்துட்டுப் போறானுங்க. நான் சொன்னேன்னு சொல்லாத.”

படகுத்துறையில் நீ உன் பழைய கம்பளித் தொப்பியோடு நின்றிருந்தாய். இளைத்திருந்தாய்.

“வேலை ஒண்ணும் இல்ல, சும்மாதான் இருந்தேன். அதான் வந்தேன். பெருசா நினைச்சுக்காத” என்றாய்.

“நினைக்கல.”

“நல்லது.”

நான் கயிறுகளை எண்ணப் போனேன்.

உன்னைத் தண்ணீரில் இறங்க விட முடியாது என்று ஆன்யா சொன்னதற்கு நான் பொறுப்பில்லை. பல்கலைக்கழக விதி அது.

“இருபது வருஷம் இந்தக் குடாவுல மூழ்கினவன்மா நான்.”

“மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?”

“முதலைகிட்ட நீச்சல் சர்டிபிகேட் கேப்பியா?”

“கேப்பேன். இல்லன்னா முதலையும் படகுலதான் உக்காரணும். இந்தாங்க, கயித்தப் பிடிங்க.”

பிடித்தாய். அவள் போட்ட முடிச்சை அவிழ்த்து வேறு முடிச்சு போட்டாய், அவள் உன்னைத் திட்டினாள், காலை முழுவதும் அது நடந்தது. நான் கீழே இருந்தேன். தண்ணீர் பன்னிரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். நீ மேலிருந்து விட்ட கயிறுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பாறையில் பூட்டினோம். ஒரு கயிறு நழுவி ஓடியது. நீ கொக்கிக் கழியால் பிடித்துவிட்டாய் என்று பிறகு சொன்னார்கள். கீழே எனக்குத் தெரிந்ததெல்லாம், கயிறு விறைத்து நின்றது, அதன் மறுமுனையில் உன் கை இருந்தது.

மேலே வந்ததும், “கீழ எப்படி இருக்கு?” என்றாய்.

“காலியா இருக்கு.”

“நட்டதுக்கு அப்புறமும்?”

“அப்பவும் காலிதான். கயிறு இருக்கு.”

தலையாட்டினாய். உன் வலது உள்ளங்கை கயிறு உரசித் தோலுரிந்திருந்தது. அதை நீ தொப்பிக்குள் ஒளித்தாய்.

பெர்ல் போன் செய்ததை உன்னிடம் சொல்லவில்லை. நேரில் சொன்னால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் எழுதி உன் கோட்டுப் பையில் வைக்கிறேன். நாளை நீ திரும்பும் விமானத்தில் எனக்கும் இடம் சொல்லிவிட்டேன். ஆன்யா இரண்டு வாரம் தண்ணீர் மாற்றிக்கொள்வாள். மூன்றும் ஆகலாம் என்றேன். யாராவது கேட்டால், காளைப்பாசி முட்டையிடும் பருவத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லப்போகிறேன். அதுவும் உண்மைதான். கரையில் மிச்சமிருப்பது அழுகுவதற்குள் இழுக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும், என் கயிற்றை நானே கட்டுவேன். அடுத்த வருடம் யார் எங்கே இருப்போம் என்பது எனக்குத் தெரியாது.

நீ இவ்வளவு நேரம் நம் வீட்டுப் பின்பக்கம் குழாயடியில் என் உபகரணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாய். இப்போது தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரக் காலோடு உள்ளே வந்து, அங்கிருந்தே குரல் கொடுக்கிறாய்.

“லியோனி, துண்டு எங்க வெச்சிருக்க?”

“இருந்த எடத்துலதான்.”

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.